குசினியின் வடிவத்தை யார் முடிவு செய்வது?



இது நீண்ட பதிவு. இந்த வருடம் வீட்டைத் திருத்த, குசினியை இழுத்துக் கட்ட நினைப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்கள், கட்ட நினைக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

ஜனவரி பிறந்து மழை ஓய்ந்தால் நம் பக்கம் முழுக்கக் கட்டட வேலைதான். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, கொட்டகலை, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் பாதையோரத்தில் மணலும் கல்லும் குவிந்து கிடக்கும். ஒரு வீட்டில் கொழும்பில் கடையில் நிற்கும் மகன் காசு அனுப்பியிருப்பான். இன்னொரு வீட்டில் மத்திய கிழக்கில் இருந்து மகள் அனுப்பியிருப்பாள். இன்னொரு வீட்டில் அப்பாவின் ஈ.பி.எஃப். கைக்கு வந்திருக்கும், இல்லாவிட்டால் சீட்டு விழுந்திருக்கும். எப்படி வந்தாலும் பல வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்த காசு. இன்னொரு தடவை லேசில் கிடைக்காது.

அந்தக் காசில் முதலில் கை வைக்கும் இடம் குசினி. அதில் தப்பில்லை. ஆனால் குசினியின் வடிவம் எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். காசு கொடுப்பவர் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார். மேசன் பாஸ் "செய்யலாம், பிரச்சினை இல்லை" என்கிறார். டைல், கிரனைட், பென்ட்ரி கபட் என்று கணக்கு ஏறுகிறது. நாளைக்கு நாலைந்து மணித்தியாலம் அங்கே நிற்கப் போகிற பெண் தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அவரிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி, டைல் என்ன நிறம் என்பது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் மலையில் குசினியின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டியவை மூன்று: புகை எங்கே போகிறது, தண்ணீர் எங்கே வந்து எங்கே போகிறது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு எவ்வளவு கிட்ட இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர் அங்கே தினமும் சமைப்பவர். படம் அதற்குப் பிறகுதான்.

*நாம் எங்கிருந்து வந்தோம்*

வெள்ளைக்காரத் துரைமார் லயம் கட்டியபோது குசினி என்று தனியாக ஒன்றை நினைக்கவே இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. அவ்வளவுதான். அடுப்பை இஸ்தோப்பின் ஒரு மூலையிலோ காம்பிராவுக்கு உள்ளேயோ நம் ஆட்களே வைத்துக்கொண்டார்கள். இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டிய லயங்களில் பின்பக்கம் யன்னல் வைக்கவும் வழியில்லை. புகை வந்த வழியாகவே போக வேண்டும். தண்ணீருக்குப் பீலிக்கரை. அம்மி வாசலில். சமையல் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தது.

பிறகு வந்தது தனி வீடு. 7 பேர்ச் காணியும் 550 சதுர அடி வீடும் என்ற கணக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடு, அதன் பின் 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த இன்னும் 10,000 வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, கழிவறை. நூறு வருடத்துக்கு மேல் அடுப்படி இல்லாமல் வாழ்ந்த சமூகத்துக்கு, கதவு போட்ட ஒரு குசினி கிடைத்தது சிறிய விசயம் இல்லை.

ஆனால் அந்த வீட்டுக்குக் குடிபோய் இரண்டு வருடத்தில் பலர் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இறக்கிவிடுகிறார்கள். விறகடுப்பு அங்கே போய்விடுகிறது. உள்ளே இருக்கும் குசினி, பாத்திரம் அடுக்கும் இடமாகிறது. டவுனிலும் இதே கதைதான். பல இலட்சம் செலவில் பென்ட்ரி போட்ட வீட்டில், பெருநாள் பிரியாணியும் தீபாவளிப் பலகாரமும் பின்பக்கக் கொட்டகையில்தான் வேகின்றன. இதை நம் ஆட்களின் பழைய பழக்கம் என்று சிலர் சிரிக்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டிய குசினி அங்கே நடக்கும் வேலைக்குப் பொருந்தவில்லை என்பதைத்தான் அந்தக் கொட்டகை சொல்கிறது.

*ஒரு ஜெர்மன் குசினியின் பாடம்*

சின்னக் குசினி என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு குசினி வரைந்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினொரு அடி. அதாவது லயக் காம்பிராவை விடச் சிறியது. ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறாள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து பார்த்து, அதற்கேற்ப அடுப்பையும் தொட்டியையும் மேசையையும் வைத்தார். அந்த நகரில் சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று உலகம் முழுக்க விற்கும் பென்ட்ரி கபட்டுக்கு மூத்தது இதுதான் என்று சொல்லலாம்.

அதற்குப் பின் 1940களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இன்னொரு விதியை வகுத்தார்கள். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாமான் வைக்கும் இடம், இந்த மூன்றும் ஒரு முக்கோணம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 4 அடிக்குக் குறையாமலும் 9 அடிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். மூன்று பக்கத்தையும் கூட்டினால் 26 அடியைத் தாண்டக் கூடாது. கணிதப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்க நல்ல கணக்கு. இன்றே உங்கள் வீட்டில் நாடா பிடித்துப் பாருங்கள். அடுப்பு பின் கொட்டகையில், தண்ணீர் வெளிப்பைப்பில், அரிசி அறைக்குள் என்றிருந்தால் கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கிறது என்று தெரியும்.

ஆனால் பிராங்க்பேர்ட் குசினிக்கு ஒரு குறை இருந்தது. ஒருவர் மட்டுமே நிற்கலாம். பிள்ளை உட்கார இடமில்லை, இன்னொரு கை உதவிக்கு வர இடமில்லை. சமைப்பவள் வீட்டில் இருந்து தனித்துப் போனாள் என்று பின்னால் பலர் குறை சொன்னார்கள். நம் வீடுகளில் உம்மாவும் மருமகளும், அம்மாவும் பெரிய மகளும் ஒன்றாக நிற்கிறார்கள். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒருவர் ரொட்டி சுட, ஒருவர் சம்பல் இடிக்க, ஒருவர் பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை நிரப்புவார். நோன்பு காலத்தில் விடியற்காலை மூன்றரை மணிக்கு ஸஹருக்கு இதே நெருக்கடி. ஆகவே அவர்களின் கணக்கை எடுத்துக்கொள்வோம், வடிவத்தை நாமே வரைவோம்.

*எந்த வடிவம்?*

ஒரு சுவர்க் குசினி: அடுப்பு, மேசை, தொட்டி எல்லாம் ஒரே வரிசையில். லயக் காம்பிராவிலும் டவுன் கடை மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வேறு வழியில்லை. அப்படியானால் தொட்டி ஒரு பக்கம், அடுப்பு மறு பக்கம், நடுவில் வெட்டுவதற்குக் குறைந்தது மூன்று அடி மேசை விடுங்கள். அடுப்பையும் தொட்டியையும் ஒட்டிவைத்தால் காய் வெட்டக் கீழே உட்கார வேண்டியதுதான்.

இரு சுவர்க் குசினி: எதிரெதிரே இரண்டு மேசை, நடுவில் நடைபாதை. ஒருவர் சமைத்தால் நடுவில் மூன்றரை அடி, இருவர் என்றால் நாலு அடி வேண்டும். இதில் பின்கதவுக்குப் போகும் வழியும் நடுவாலேயே போனால், கொதிக்கும் சட்டியோடு திரும்பும்போது பிள்ளை குறுக்கே ஓடிவரும். அப்படியான வீடுகளில் இந்த வடிவம் வேண்டாம் என்பதே நம் எண்ணம்.

யு வடிவம்: மூன்று பக்கமும் மேசை. பார்க்க அழகு, சாமான் நிறைய வைக்கலாம். ஆனால் நம் குசினிகள் எட்டடி ஒன்பதடி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி மேசை போனால் நடுவில் மிஞ்சுவது ஒருவர் திரும்பும் இடம். மூன்றாவது பக்கத்தில் போட்ட காசு மூலை இருட்டுக்குள் போகும்.

நடுவில் தனி மேசை: படங்களில் அதிகம் வருவது. நூற்றைம்பது இருநூறு சதுர அடிக் குசினி வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம். நமக்குச் சரிவராது.

எல் வடிவம்: ஒரு மூலையில் சந்திக்கும் இரண்டு மேசை. மீதி இரண்டு சுவர் காலி. 7 பேர்ச் வீட்டுக்கும் டவுன் பக்கத்துச் சின்ன வீட்டுக்கும் நாம் சிபாரிசு செய்வது இதைத்தான். காரணம் அந்தக் காலிச் சுவர். அங்கே ஒரு பலகை மேசையும் இரண்டு வாங்கும் போடலாம். பிள்ளை அங்கேயிருந்து படிக்கலாம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் பனி உறைகிறது. ஹட்டன் பக்கம் அவ்வளவு இல்லாவிட்டாலும் ஆனி ஆடி மழையில் பிள்ளையின் விரல் பேனையைப் பிடிக்காது. வீட்டில் சூடான ஒரே இடம் அடுப்படி. நம் மாணவர்களில் நிறையப் பேர் வீட்டுப்பாடம் செய்வது அங்கேதான். கொப்பியில் எண்ணெய்க் கறையும் கரியும் இருந்தால் ஆசிரியர் அறையில் நாங்கள் கோபப்படுகிறோம். அந்தக் கொப்பி எங்கே திறக்கப்படுகிறது என்று யோசித்தால் கோபம் வராது. அடுப்பில் இருந்து ஆறேழு அடி தள்ளி, வெளிச்சம் உள்ள ஒரு மேசையைப் பிள்ளைக்கென்று கொடுத்தால், குசினி திருத்திய காசில் ஒரு பகுதி சாதாரண தரப் பரீட்சைக்கும் போய்ச் சேரும்.

இதே காரணத்துக்காக, ஹோலுக்கும் குசினிக்கும் நடுச்சுவரை உடைத்துத் திறந்த குசினி செய்வதிலும் நமக்கு உடன்பாடு இல்லை. மீன் பொரித்தால் வீடு முழுக்க மணம், விறகு எரித்தால் கூரை முழுக்கக் கரி, சூடும் ஓரிடத்தில் நிற்காது. வெளி ஆட்கள் வந்து ஹோலில் உட்கார்ந்தால் வீட்டுப் பெண்கள் நிம்மதியாக வேலை செய்யவும் முடியாது. கொழும்பு அடுக்குமாடிக்கு அது பொருந்தட்டும்.

*புகையும் கேஸும்*

"இப்பதான் கேஸ் வந்துவிட்டதே, விறகடுப்பு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு 2022ஐ நினைவுபடுத்துகிறோம். சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடிய விடிய வரிசையில் நின்றோம். ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. கேஸை மட்டும் நம்பிக் கட்டிய குசினிகளில் அடுப்பு எரியவில்லை. முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினால் மிலாறு கிடைக்கிறது. குளிக்கச் சுடுதண்ணீரும் வேண்டும். இன்னொன்றும் உண்டு. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும். நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் பருப்பும் கடலையும் இறைச்சியும் வேக இங்கே நேரம் கூடுதல். பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் கேஸ் காசு ஆவியாகப் போகும். விறகடுப்பு இன்னும் பல வருடம் நம்மோடு இருக்கும். அதை ஒளித்துவைக்காமல் ஒழுங்காக வைப்போம்.

ஒழுங்கு என்றால் என்ன? வீட்டுக்குள் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும். நம் ஊர்ப் பாட்டிமாரின் இருமலுக்குக் குளிர் மட்டும் காரணம் இல்லை.

விறகடுப்பைக் குசினியின் வெளிச்சுவரை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் வையுங்கள். நடுவில் மூடக்கூடிய ஒரு கதவு இருக்கட்டும். அடுப்புக்கு மேல் கூடு இறக்கி, சிம்னியைக் கூரையின் முகட்டுக்கு மேலே போகும்படி எடுங்கள். முகட்டுக்குக் கீழே நின்றால் மலைக்காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். மழைத் தொப்பி போட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை கரியைத் தட்டிவிடுங்கள். 1980களில் இருந்து நாட்டில் புழங்கும் அனகி அடுப்பு, ஒரே தீயில் இரண்டு சட்டி வைக்கும் மண் அடுப்பு. மூன்று கல்லை விட விறகு மிச்சம். சந்தையில் பெரிய விலையும் இல்லை.

விறகை அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டிக் காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். லயத்தில் ஒரு காம்பிராவில் பிடித்த தீ, ஒரே கூரைக்கடியால் ஓடி முழு வரிசையையும் தின்றுவிடுவதை நாம் எத்தனை தடவை பார்த்துவிட்டோம்.

கேஸுக்கு வருவோம். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடு முழுக்கக் கேஸ் வெடிப்புச் செய்திகள் வந்தது நினைவிருக்கும். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். சிலிண்டரைப் பென்ட்ரி கபட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினால், கசியும் கேஸ் அங்கேயே நிற்கும். குளிருக்காக யன்னலையும் மூடிவைக்கும் நம் வீடுகளில் இது இரட்டை ஆபத்து. சிலிண்டருக்கு வெளிச்சுவரோரம் தனி இடம், தரை மட்டத்தில் காற்றுப் போக ஒரு துவாரம், அதற்கு எலி வராத கம்பி வலை. இதைச் சுவர் கட்டும்போது செய்தால் செலவே இல்லை. குளிருக்காக நெருப்புச் சட்டியைப் படுக்கை அறைக்குள் கொண்டுபோய்க் கதவை மூடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். கரி நெருப்பில் இருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

*தண்ணீர்*

நம் பக்கம் பல வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. நாள் முழுக்க வராது. ஆகவே தொட்டியோடு, தண்ணீர் சேமிக்கும் பரலுக்கும் படத்தில் இடம் வேண்டும். அந்தப் பரல் நடைபாதையில் நின்றால் முக்கோணக் கணக்கெல்லாம் வீண்.

போகும் தண்ணீர் இன்னும் முக்கியம். நம் வீடுகள் படிப்படியாக நிற்கின்றன. நம் குசினித் தண்ணீரைப் பைப் போட்டுப் பின்பக்கம் விட்டால், அது கீழ்வீட்டுக்காரரின் மண்மேட்டுக்குள்தான் இறங்கும். வருடக்கணக்கில் ஊறிய மண் ஒரு மழை இரவில் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அண்டை வீட்டாரின் உரிமையைப் பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் கேட்கிறோம். அது குசினியின் கழிவுப் பைப்பில் இருந்து தொடங்கட்டும். சீமெந்துக் கானில் விட்டு, பொதுக்கான் வரை கொண்டுபோய்ச் சேருங்கள்.

*மண்மேடு*

இந்தப் பதிவை எழுதவைத்த விசயம் இதுதான்.

7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. 550 அடி வீடு போக நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது சமதரை இல்லை. முன்னால் பள்ளம், பின்னால் வெட்டிய மேடு, ஒரு பக்கம் மலக்குழி, ஒரு பக்கம் பாதை. குசினி பின்பக்கம் இருப்பதால், இழுத்துக் கட்டுபவர்கள் பின்பக்கமே போகிறார்கள். இடம் போதாதபோது மண்மேட்டை இன்னும் நாலு அடி வெட்டுகிறார்கள். வெட்டிய மேட்டின் அடியில் புதுச் சுவர். அந்தச் சுவருக்குப் பின்னால் அடுப்பு. அடுப்புக்கு முன்னால், இருட்டு விலகாத காலையில், ஒரு பெண்.

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது காலை வேளையில். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை என்ன செய்தது என்பதை நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவை பெரிய மலைச் சரிவுகள். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேப்பரில் சின்னச் செய்தியாக வருவது வேறு: வீட்டின் பின்பக்க மண்மேடு சரிந்தது, குசினி சேதம். அதில் பல மேடுகள் நாமே வெட்டியவை.

ஆகவே எந்த மேட்டையும் வெட்டாதீர்கள். குசினியைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். அதற்கும் இடமில்லையென்றால், உள்ளேயே அறைகளை மாற்றிப் போடுங்கள். நம் மாவட்டத்தில் கட்டடம் கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் நகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். "குசினிதானே, இதற்கு எதற்கு?" என்று சொல்பவர்கள்தான் மேட்டை வெட்டுகிறார்கள். மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியையும் கானையும் கூரை போட்டு மூடி விறகு அடுக்காதீர்கள். தரையில் வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவை தெரிந்தால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதல் எச்சரிக்கை, 100க்கு அடுத்தது, 150க்கு வெளியேற வேண்டும் என்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அப்படியான இரவுகளில் பின்பக்கக் குசினியில் யாரும் படுக்க வேண்டாம்.

லயத்தில் இருப்பவர்கள் "எங்களுக்கு உறுதியும் இல்லை, தோட்ட நிர்வாகம் ஆணி அடிக்கவும் விடாது, இதெல்லாம் எங்களுக்கு இல்லை" என்று சொல்லலாம். உண்மைதான். காணி உரிமை இல்லாமல் குசினி பற்றிப் பேசுவது பாதிப் பேச்சுத்தான். அந்தக் கோரிக்கையை நாம் விடக்கூடாது. ஆனால் சிம்னி, அனகி அடுப்பு, விறகுப் பரணை இறக்குவது, சிலிண்டரை வெளிக்காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுவது, இந்த நாலுக்கும் உறுதிப்பத்திரம் தேவையில்லை.

*மேசை உயரமும் காசின் வரிசையும்*

கடையில் வாங்கும் பென்ட்ரியின் உயரம் 3 அடி. வெளிநாட்டு அளவு. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு முழங்கை தரையில் இருந்து மூன்றடி இரண்டு அங்குலம் அளவில் இருக்கும். வெட்டும் மேசை அதற்கு நாலைந்து அங்குலம் கீழே, அதாவது இரண்டடி ஒன்பது அங்குலம் அளவில் இருக்க வேண்டும். கேஸ் குக்கர் வைக்கும் இடம் இன்னும் நாலைந்து அங்குலம் தாழ வேண்டும். பெரிய சட்டிக்குள் அகப்பை போட அப்போதுதான் தோள் நோகாது. நாள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்த தோளுக்கு இந்த மூன்று அங்குலம் பெரிய விசயம். சமைப்பவரை நிற்கவைத்து முழங்கையில் இருந்து அளந்து, சுவரில் கரியால் கோடு போட்டுவிட்டு பாஸைக் கூப்பிடுங்கள்.

காசை இந்த வரிசையில் செலவழிக்கலாம். முதலில் கானும் கழிவு நீரும். இரண்டாவது சிம்னி, யன்னல், தரைத் துவாரம். மூன்றாவது மின்சார வயர், நல்ல வெளிச்சம், தொட்டிக்குத் தள்ளி வைத்த பிளக். நாலாவது செங்கல்லில் எழுப்பிய கொங்கிரீட் தட்டும் டைலும். கபட் கடைசி. அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த கபட் நம் மூடுபனியிலும் மழை ஈரத்திலும் சில வருடத்தில் ஊதி, கதவு தொங்கிவிடும். அலுமினியமோ நல்ல மரமோ செய்யக் காசு வரும்வரை, தட்டுக்குக் கீழே துணித்திரை தொங்கினாலும் குடும்ப மானம் போகாது. நாம் பார்க்கும் பல வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கபட் முதலில் வந்துவிடும், கானுக்குக் காசு இருக்காது.

கடைசியாக வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸைக் கூப்பிடும் முன் ஒரு கிழமை, காலைச் சமையல் நேரத்தில் குசினி வாசலில் ஒரு கதிரை போட்டு உட்காருங்கள். எத்தனை தடவை குனிகிறார்கள், எத்தனை தடவை வெளியே போகிறார்கள், எந்த இடத்தில் கண்ணைக் கசக்குகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உதவியும் செய்தால் இன்னும் நன்றாக விளங்கும். பிறகு அவர்களையே படம் வரையச் சொல்லுங்கள். கோடு நேராக இல்லாவிட்டால் பரவாயில்லை, வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் அடிமட்டம் வைத்து அளவோடு வரைந்து தரும். வடிவியல் பாடத்துக்கும் நல்ல பயிற்சி.

அந்தத் தாளைக் கொண்டுபோய்ப் பாஸிடம் கொடுங்கள். அந்தத் தாளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டையும் மறக்காமல் வரைந்திருக்க வேண்டும்.